செத்தவீடு முடிந்த பிறகு: துயர் உளவளத்துணைப் பயிற்சி என்றால் என்ன?

செத்தவீட்டுக்குப் போய் உட்காருவதற்கு ஒருவருக்குப் பயிற்சி எதற்கு? உறவை இழந்தவரின் பேச்சைக் கேட்டு அவருக்குத் துணைநிற்கிற வேலைதான் துயர் உளவளத்துணை (grief counselling). திருகோணமலையில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் கூப்பிடாமலே ஊர் கூடிவிடும். வாசலில் பந்தல் எழும்பும். அயல் வீடுகளில் இருந்து சாப்பாடு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஒரு வருடத்தில் ஆட்டத்திவசம் என்று கட்டம் கட்டமாகச் சனம் திரும்பி வரும். அந்தியேட்டியைக் கன்னியா வெந்நீரூற்றில் செய்கிற வழக்கமும் இந்த மாவட்டத்தில் உண்டு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் அது என்பது ஐதீகம். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வீடென்றால் ஜனாஸா (இறந்தவரின் உடல்) பெரும்பாலும் அன்றே அடக்கப்பட்டுவிடும், துஆ ஓதப்படும், கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்ற தனித்திருக்கும் காலத்தைக் கடைப்பிடிப்பார். கத்தோலிக்க வீட்டில் 31ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள்.

இந்த ஏற்பாடுகள் சும்மா வந்தவை இல்லை. அழ இடம் தருகின்றன. இழந்தவரைத் தனியே விடாமல் பார்க்கின்றன. எப்போது வீட்டுக்குள் இருக்கவேண்டும், எப்போது வெளியே வரலாம் என்று நாள் குறித்துக் கொடுக்கின்றன. துயர் உளவளத்துணை கற்க வருகிறவர் முதலில் படிக்கவேண்டியது இவற்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். இவை எதைச் செய்கின்றன, எந்த இடத்தில் கைகொடுக்காமல் போகின்றன என்று தெரிந்தால்தான், தன் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குப் புரியும்.

பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை வேண்டியதில்லை

பயிற்சியின் முதல் பாடம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். துயர் ஒரு நோய் இல்லை. இழவிரக்கம் என்று எங்கள் உளநலத் துறையில் சொல்வது, அன்பு வைத்த ஒருவரை இழந்தால் உடம்பும் மனமும் காட்டுகிற இயல்பான எதிர்வினை. நித்திரை வராது. சாப்பாடு இறங்காது. நெஞ்சு அடைக்கும். போனவரின் குரல் கேட்டதுபோல இருக்கும். கேற் திறக்கும் சத்தத்துக்கு அவர்தான் வருகிறார் என்று தலை திரும்பும். ‘எனக்கு விசர் பிடிக்குதோ?’ என்று பயந்து கேட்பவர்கள் நிறையப் பேர். இல்லை, இழப்புக்குப் பிறகு இப்படி வருவது வழமை என்று ஒருவர் ஆறுதலாகச் சொன்னாலே அந்தப் பயத்தில் பாதி இறங்கிவிடும்.

இயற்கையான சாவைச் சந்தித்த வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் துயர் நீடித்து இறுகிப்போகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு கணிப்பு சொல்கிறது. வன்முறையாலும் திடீர் விபத்தாலும் இழந்தவர்களிடையே இந்தப் பங்கு கூடும். மற்றவர்கள் குடும்பம், அயல், கோயில், பள்ளிவாசல், வேலை, காலம் ஆகியவற்றின் துணையோடு மெல்ல மெல்ல எழும்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதற்கு ஏற்பத்தான் சொன்னது: உளநோய் இல்லாத, இழப்பைச் சந்தித்த எல்லாருக்கும் பொதுவாக ஒழுங்கமைத்த உளச்சிகிச்சை கொடுக்க வேண்டாம், நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற பென்சோடயசபீன் வகை மாத்திரைகளும் அவர்களுக்கு வேண்டாம். செத்தவீட்டில் அழுகிறவரைப் பிடித்து ‘ஊசி போட்டுப் படுக்க வைப்பம்’ என்கிற பழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால், பயிற்சியில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இறுதிக் கிரியை நடக்கும்போது தூக்க மருந்தில் கிடந்தவர், பிறகு பல காலம் ‘நான் கடைசியாகப் பார்க்கவே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கும் உதவி செய்யவென்று பலர் வந்தார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் மொழி தெரியாமல், இரண்டு நாள் நின்று, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் கொட்டிவிடச் சொல்லிக் கேட்டு, பிறகு திரும்பிப் போவது உதவி ஆகாது. அப்படி ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறையைப் பேரழிவுக்குப் பின் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது. அதற்குப் பதிலாக, 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சிறிய வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது. சொல்ல விரும்பினால் கேட்பது. தண்ணீர், தங்குமிடம், உறவினர், வைத்தியர் என்று தேவையானவற்றோடு இணைப்பது. பேசு என்று யாரையும் வற்புறுத்துவது அதில் இல்லை.

ஐந்து கட்டங்கள் பற்றி ஒரு திருத்தம்

பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் ஒரு விசயத்தை ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துயருக்கு ஐந்து கட்டங்கள். இதை 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மனநல மருத்துவர். அவர் நேர்கண்டது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. பிறகுதான் அது உறவை இழந்தவர்களுக்கும் பொருந்தும் என்று பரவலாகப் பேசப்பட்டது. இழந்தவர்கள் வரிசையாக இந்தப் படிகளில் ஏறிப் போவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதனால் வருகிற கெடுதல் என்னவென்றால், ‘உங்களுக்கு இன்னும் கோபம் வரேல்லையே’ என்று ஒரு பயிலுநர் தன் கையில் உள்ள பட்டியலைப் பார்த்துக் கேட்கத் தொடங்கிவிடுவார். எதிரில் இருக்கிற மனிதர் மறைந்துபோவார்.

இப்போது பயிற்சிகளில் அதிகம் சொல்லித்தருவது வேறு மூன்று சிந்தனைகள். வில்லியம் வோர்டன் என்ற உளவியலாளர், இழந்தவருக்கு நான்கு வேலைகள் இருக்கின்றன என்றார்: இழப்பு நடந்தது என்பதை ஏற்பது, வலியை அனுபவித்துக் கடப்பது, அவர் இல்லாத வாழ்க்கைக்குப் பழகுவது, நான்காவது அவரோடு ஒரு நிலையான பிணைப்பை வைத்துக்கொண்டே வாழ்க்கையைத் தொடர்வது. இந்த நான்காவதை அவர் தொடக்கத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்: போனவரிடம் வைத்த பற்றை மீட்டு வேறு இடத்தில் வைக்கவேண்டும் என்று. பிறகு மாற்றிக்கொண்டார். இரண்டாவது சிந்தனையாக, 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலான மூவர், இறந்தவரோடு உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, அது தொடர்வது ஆரோக்கியமானதே என்று காட்டியது மேற்கு நாட்டு உளவியலில் பெரிய திருப்பமாக இருந்தது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கும் சித்திரா பௌர்ணமிக்குத் தாய்க்கும் விரதம் இருக்கிற எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. திவசத்தில் அப்பாவுக்குப் பிடித்த கறியைப் படைக்கிற மகள் அந்த உறவைத் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

மூன்றாவது, மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999இல் முன்வைத்த இரட்டைப் போக்கு. துயரில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார்: அழுகிறார், படத்தைப் பார்க்கிறார். இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம் திரும்புகிறார்: வங்கிக்குப் போகிறார், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார், சிரிக்கவும் செய்கிறார். கரைவலை இழுக்கிறவர்கள் தம் பிடித்து இழுத்து, நின்று மூச்சுவிட்டு, மறுபடி இழுப்பதைப் போன்றது இது. இரண்டும் வேண்டும். இந்த ஒரு கருத்தைப் புரிந்துகொண்டால், ‘புருசன் செத்து மூன்று மாதம் ஆகேல்ல, சிரிச்சுக் கதைக்கிறா’ என்று ஊர் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க உளவளத்துணையாளருக்குத் தெரியும். எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதும், ஒருபோதும் அழாமல் வேலைக்குள் ஒளிந்துகொள்வதும்தான் கவனிக்க வேண்டியவை.

சடங்கு கைகொடுக்காத இடங்கள்

இனித்தான் திருகோணமலைக்கு உரிய பாடம். உடல் இருந்தால்தான் செத்தவீடு. நாள் தெரிந்தால்தான் திவசம். இரண்டும் இல்லாத வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். போர்க்காலத்தில் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள், இடப்பெயர்வில் கைநழுவிப் போனவர்கள், சுனாமியில் கிடைக்காமலே போனவர்கள், தொழிலுக்குப் போய் வள்ளத்தோடு காணாமல் போன மீனவர்கள்.

பவுலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். 1970களில், தென்கிழக்கு ஆசியப் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தபோது அவர் இதைக் கண்டறிந்தார். அவர் சொல்வது இதுதான்: ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துயர் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. அதற்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் பலவீனம் அல்ல. சூழ்நிலையே அப்படி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 2008இல் கணவன் காணாமல் போன ஒரு பெண். அவர் பொட்டு வைக்கலாமா? வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் ‘அவர் செத்துப்போயிட்டார் எண்டு நீயே முடிவு கட்டிட்டியா?’ என்று மாமியார் கேட்பார். மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நிற்கலாமா? காணியை மாற்றுவதற்கு யார் கையெழுத்து? சாத்திரி உயிரோடு இருக்கிறார் என்கிறார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதில் கையெழுத்திடுவது அவரைத் தானே சாகடிப்பதுபோல இருக்கிறது. இந்த வேதனையை ஓரளவு விளங்கிக்கொண்டுதான், இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதிகிற ஒரு சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடம் கொடுத்தது. அதே ஆண்டில் நிறைவேறிய 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டு, 2018இல் வேலையைத் தொடங்கியது. குடும்பங்கள் கேட்கிற பதில் அங்கே கிடைத்ததா என்பது வேறு கதை. பெரும்பாலான தாய்மாருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பெண்ணிடம் போகிற பயிலுநர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ‘இனி வரமாட்டார், மனசைத் தேற்றிக்கொள்ளுங்க’ என்று சொல்லக்கூடாது. ‘கட்டாயம் வருவார்’ என்றும் சொல்லக்கூடாது. இரண்டுமே பயிலுநருக்குத் தெரியாத விசயங்கள். பொஸ் சொல்லித்தருவது இரண்டு எண்ணங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் வழி: ‘அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் தேடுறன், அதோட பிள்ளைகளையும் வளர்க்கிறன்.’ காணாமல் போன பிள்ளைக்காக ஒரு தாய் நீதி கேட்டுப் போராட்டத்தில் உட்காருவதை நோயின் அறிகுறி என்று எழுதிவைக்கிற உளவளத்துணையாளர் அந்தத் தாய்க்கு இரண்டாம் தடவை அநியாயம் செய்கிறார். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. உண்மை தெரியவேண்டும் என்று கேட்பது துயரின் ஒரு பகுதி, உரிமையின் ஒரு பகுதி. அதை ஆற்றுப்படுத்தி அடக்கிவிடுவது எங்கள் வேலை இல்லை.

உடல் இருந்தும் சடங்கு பறிபோன இழப்புகளும் உண்டு. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று இலங்கையில் கட்டாயப்படுத்தினார்கள். அடக்கம் செய்வது மார்க்கக் கடமையாக உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு அது என்ன செய்தது என்பதைக் கிழக்கில் இருக்கிற எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. பிறகு அனுமதி கிடைத்தபோதும் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோகவேண்டியிருந்தது. அந்த வீடுகளில் துயரோடு குற்ற உணர்வும் கோபமும் கலந்திருக்கும். ‘வாப்பாவுக்கு என்ட கடமையச் செய்யேல்ல’ என்று மகன் சொல்லும்போது, ‘அது உங்கட பிழை இல்லையே’ என்று உடனே வாயை மூடவைப்பதைவிட, அந்த வார்த்தையை முழுதாகச் சொல்லவிடுவதுதான் முதல் உதவி. மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மௌலவி இருக்கிறார். அவரைத் தேடிப்போக உதவுவது உளவளத்துணையாளரின் வேலை.

கென்னத் டோக்கா என்பவர் 1989இல், சமூகம் துயர் என்றே ஒத்துக்கொள்ளாத துயர்கள் இருக்கின்றன என்று எழுதினார். கருவில் கலைந்த பிள்ளைக்கு எட்டுச் செலவு இல்லை. ஊருக்குத் தெரியாமல் விரும்பியவர் இறந்தால் அழ இடமில்லை. தற்கொலை நடந்த வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களே ‘ஏன் செய்தவர்?’ என்று விசாரணை செய்யத் தொடங்குவார்கள். அதற்கு முன் பொலிஸும் மரண விசாரணை அதிகாரியும் கேட்டுமுடித்திருப்பார்கள். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில், உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, பலர் அதைப்பற்றி வாய்திறக்காமலே. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, அம்மாவின் இறுதிக் கிரியையைப் போனில் நேரலையாகப் பார்த்துவிட்டு அடுத்தநாள் வேலைக்குப் போவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தத் துயரும் எங்கேயோ தேங்கி நிற்கும்.

பயிற்சி அறைக்குள்

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. நல்ல பயிற்சியில் பேச்சை விடச் செய்துபார்ப்பது கூடுதலாக இருக்கும்.

முதல் பயிற்சி தன்னைப் பற்றியது. ஒரு தாளில் கோடு போட்டு, பிறந்ததில் இருந்து இன்றுவரை தான் சந்தித்த இழப்புகளைக் குறிக்கச் சொல்வார்கள். சாவு மட்டுமில்லை, விட்டுவந்த வீடு, நின்றுபோன படிப்பு, பிரிந்த நண்பன். திருகோணமலையில் நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு அந்தக் கோடு லேசில் முடியாது. எல்லாவற்றையும் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் தன்னுடைய எந்த இழப்பு இன்னும் ஆறவில்லை என்று தெரியாதவர், அதே மாதிரிக் கதையோடு ஒருவர் முன்னால் வந்து உட்காரும்போது ஒன்றில் பேச்சை மாற்றிவிடுவார், அல்லது தன் அழுகையை அவர் தலையில் இறக்கிவைத்துவிடுவார்.

அடுத்தது மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் சொல்வார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கவனிப்பார். பிறகு இடம் மாறுவார்கள். கவனிப்பவர் எழுதிவைப்பது எளிய விசயங்கள்: கேட்டவர் எத்தனை தடவை குறுக்கே பேசினார், மௌனம் வந்தபோது என்ன செய்தார், எப்போது ஆலோசனை சொல்லத் தொடங்கினார். எல்லாருக்குமே மௌனம்தான் கடினம். எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருக்க, தண்ணீர் எடுத்துவரவோ, லேஞ்சியை (கைக்குட்டையை) நீட்டவோ, ‘அழாதீங்க அம்மா’ என்று சொல்லவோ கையும் வாயும் துடிக்கும். அந்த நேரத்தில் லேஞ்சியை நீட்டினால்கூடச் சிலர் ‘நிறுத்து’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

சொற்களும் அப்படியே. ‘எல்லாம் விதி’, ‘கடவுள் நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிடுவார்’, ‘இன்னொரு பிள்ளை இருக்குத்தானே’, ‘நீங்கதான் தைரியமா இருக்கவேணும்.’ இவற்றை அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் பேச்சை முடித்துவைக்கிறது. விதி, கர்மம், அல்லாஹ்வின் நாட்டம் என்பவற்றை இழந்தவரே சொன்னால் அது அவருடைய பிடிமானம், அதை மதிக்கவேண்டும். உளவளத்துணையாளர் வாயில் இருந்து முதலில் வந்தால் அது கதவைச் சாத்துவது. அதற்குப் பதிலாக என்ன சொல்வது? இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். ‘தம்பி எப்படியான ஆள் அம்மா?’ ‘அண்டைக்கு என்ன நடந்தது எண்டு சொல்ல விருப்பமா?’ ‘இரவில எப்படி இருக்கு?’ இவ்வளவும் போதும். இறந்த பிள்ளையின் பெயரை யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற தாய்மார் எத்தனையோ பேர். தங்கள் முன்னால் அந்தப் பெயரை உச்சரிக்கவே ஊர் பயப்படுகிறது என்பது அவர்களுடைய குறை.

வீட்டுக்குப் போவதற்கும் பயிற்சி உண்டு. இங்கே உளவளத்துணை என்பது கதவடைத்த அறையில் இரண்டு கதிரைகளில் நடப்பது குறைவு. குசினி வாசலில், மாமியார் கேட்டுக்கொண்டிருக்க, அயல் பிள்ளைகள் எட்டிப்பார்க்க நடப்பதுதான் கூட. இரகசியம் காப்பதை அங்கே எப்படிச் செய்வது? ஒன்றாகக் கிணற்றடிவரை நடந்துபோகலாம். இத்தா இருக்கிற வீட்டுக்கு ஆண் பணியாளர் போகாமல் பெண் பணியாளரை அனுப்பவேண்டும். துடக்கு என்கிற சாவுத் தீட்டுக் காலத்தில் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் என்ன செய்வது என்று முதலே யோசித்துவைக்கவேண்டும். ஒரே மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் மூன்றுக்கும் போகக்கூடிய பணியாளருக்கு, மற்றவருடைய சடங்கு தெரியாவிட்டால் தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்கிற பணிவுதான் பெரிய திறமை.

பிள்ளைகள்

பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சாவு திரும்பமுடியாதது என்று விளங்காது. ‘அப்பா எப்ப வருவார்?’ என்று நாள்தோறும் கேட்கும். ‘நித்திரை கொள்ளுறார்’ என்று சொன்னால், நித்திரைக்கே பயப்படத் தொடங்கும். ‘வெளிநாடு போயிட்டார்’ என்று சொன்னால், தன்னை விட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார் என்று எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதுதான் நல்லது. ஏழெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாவு என்ன என்று தெரிந்துவிடும். ஆனால் ‘நான் குழப்படி செய்ததாலதான் அம்மா செத்தவா’ என்ற எண்ணம் உள்ளே ஒளிந்திருக்கலாம். அதை நேரடியாகக் கேட்டு, நேரடியாக மறுக்கவேண்டும். பிள்ளைகள் அழுதுவிட்டு உடனே விளையாட ஓடுவதும் இயல்பானதே.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அப்படி ஒரு காலைக்குப் பிறகு வகுப்பறையில் வெறுமையாகிவிட்ட கதிரையை என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கு யாராவது சொல்லித்தரவேண்டும். அவசரமாக எடுத்து ஒளிக்கக்கூடாது. பிள்ளைகளோடு கதைத்து, அவர்கள் விருப்பப்படி பூ வைத்தோ துஆக் கேட்டோ, பிறகு சேர்ந்து முடிவெடுத்து மாற்றவேண்டும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு, உளநலத் துறையில் முன் அனுபவம் அதிகம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று உளச்சிகிச்சை கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆய்வு நடந்த நான்கு இடங்களில் மூன்றில் வழமையான கவனிப்பைவிட அது நல்ல பலன் தந்தது. நிபுணர்கள் குறைந்த எங்கள் போன்ற மாவட்டத்துக்கு இது முக்கியமான செய்தி.

துயர் இறுகிப்போனால்

அந்தப் பத்தில் ஒருவரை எப்படி அடையாளம் காண்பது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீடித்த துயர் கோளாறு என்ற ஒன்றை அது சேர்த்திருக்கிறது. குறைந்தது ஆறு மாதத்துக்கு மேலாக, போனவரைப் பற்றிய ஏக்கமோ நினைப்போ நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டு, வேலை, குடும்பம், தன் உடம்பு எதையும் பார்க்கமுடியாமல் இருப்பது. அமெரிக்க வகைப்பாடு வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. அதைவிட முக்கியமான ஒரு நிபந்தனை: அந்தத் துயர் அவருடைய சமூகத்தின், சமயத்தின் வழக்கத்தைத் தெளிவாக மீறியிருக்கவேண்டும். ஆட்டத்திவசம் முடியாத வீட்டில் கலகலப்பு இல்லாதிருப்பது இங்கே வழக்கம். அதை நோய் என்று எழுதக்கூடாது.

மனச்சோர்வு நோயில் இருந்து இதைப் பிரித்தறியவும் கற்பிக்கிறார்கள். துயர் வந்து வந்து போகும். இடையில் நல்ல நினைவுக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் எல்லாமே ஒரே மங்கலாக இருக்கும், ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற எண்ணம் ஓங்கும். ‘அவரோட போய்ச் சேர்ந்திட்டா நல்லம்’ என்ற சொல்லைக் கேட்டால் பயிலுநர் பயந்து ஒதுங்கக்கூடாது. நேரடியாகக் கேட்கவேண்டும்: ‘உயிரை மாய்க்கலாம் எண்டு யோசிக்கிறீங்களா? எப்படி எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறீங்களா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மருந்துப் போத்தல் போன்றவற்றை அகற்றி, அன்றே ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவேண்டும்.

நீடித்த துயருக்கென்று கத்ரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை சுமார் 16 அமர்வுகள் கொண்டது. அன்று நடந்ததைக் கண்ணை மூடி மெல்லச் சொல்லிப்பார்ப்பது, தவிர்த்துவந்த இடத்துக்குத் திரும்பிப் போவது, இறந்தவரோடு மனத்துக்குள் ஒரு உரையாடல் நடத்துவது, தன் எதிர்காலத்துக்கு ஒரு சிறு இலக்கு வைப்பது என்று அது போகும். 2016இல் வந்த ஆய்வொன்றில், மனச்சோர்வு மாத்திரை மட்டும் துயரை இறக்கவில்லை. சிகிச்சையோடு சேர்த்தபோது சோர்வின் அறிகுறிகளைக் குறைத்தது. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே போகாத ஒருவர் இந்த மாவட்டத்தில் எத்தனை வழிகளைத் தவிர்க்கவேண்டியிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். ஆனால் இதை நாலு நாள் பயிற்சி எடுத்தவர் தொடக்கூடாது. நன்றாகப் பயின்ற சிகிச்சையாளர், மேற்பார்வையாளரின் துணையோடு செய்யவேண்டியது இது.

பயிற்சி முடிந்த பிறகு

மேற்பார்வை என்றதும் பலர் அதிகாரி வந்து பதிவேடு பார்ப்பதை நினைக்கிறார்கள். இங்கே அது அனுபவமுள்ள ஒருவரோடு மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து, எந்த வீடு மனத்தை அழுத்துகிறது, எங்கே வழி தெரியாமல் நின்றேன் என்று கதைப்பது. சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு மேற்பார்வை கொடுக்காத பயிற்சி அரைகுறைப் பயிற்சி. ஒரு வருடத்தில் அந்தப் பணியாளர் ஒன்றில் மரத்துப்போவார், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவார். நிதி தருகிறவர்கள் பயிற்சி நாட்களுக்குக் காசு கொடுக்கிறார்கள், மேற்பார்வைக்குக் கொடுப்பதில்லை. இது மாறவேண்டும்.

இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் உளவியலிலோ உளவளத்துணையிலோ டிப்ளோமா, பட்டம் என்று தொடங்கலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்; பயிற்சிகள் பற்றி அவர்களிடம் விசாரிக்கலாம். உதவி தேவைப்படுகிறவர்களும் அவர்களிடமோ மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ போகலாம். இரவு நேரத்தில் யாரோடாவது கதைக்கவேண்டும் என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது.

வேலையைத் தொடங்குகிறவர் தன் டயரியில் சில நாட்களைக் குறித்துவைக்கவேண்டும்: தான் போய்வருகிற ஒவ்வொரு வீட்டின் திவச நாள், இறந்த பிள்ளையின் பிறந்தநாள், அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற மாதம், ஆடி அமாவாசை, பெருநாள், நத்தார், டிசம்பர் 26. சனம் வருவது நின்றுபோன வீடுகளில் துயர் மறுபடி ஏறுவது இந்த நாட்களில்தான். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே ஒரு தடவை போய்வரவேண்டும்.